மேற்கு விடுதிக்கான விதி

நான்காம் ஆண்டின் கடைசிப் பருவத்தில், மார்ச் ஐந்தாம் தேதி புதன்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் ஓவியக் கல்லூரி வளாகம் இடம் வலமாக மாறிக்கொண்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் அதற்குக் காரணம் இசக்கி என்பார்கள். இசக்கி நான்தான். காரணம் நானில்லை, பூட்டு என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். கேட்க நேரமிருப்பவர்கள் உட்காருங்கள்.

மாறுவதற்கு முன்பு, வாசலில் நின்று வடக்கே பார்த்தால் எங்கள் வளாகம் இப்படி இருந்தது. இடப்பக்கம், அதாவது மேற்கே, பெண்கள் விடுதி. வலப்பக்கம், கிழக்கே, பையன்கள் விடுதி, அதன் சுவரை ஒட்டித் தளவாய் அண்ணாச்சியின் டீக்கடை. வாசலோரம் அரசமரம், மரத்தடியில் துதிக்கையை இடப்பக்கம் சுருட்டிய பிள்ளையார். நேர் எதிரே ஏழு படி ஏறினால் முதல்வர் அறை, அந்தக் கட்டடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு பிரஸ் ரூம். பிரஸ் ரூமில் இருப்பது ஒரே ஒரு இயந்திரம். கரும்புச்சாறு வண்டியில் இருப்பது போல இரண்டு இரும்பு உருளை, ஆளுயரச் சக்கரம் ஒன்று, சக்கரத்தைச் சுற்றினால் மை தடவிய தகடும் அதன்மேல் கவிழ்த்த தாளும் உருளைகளுக்கு நடுவே நசுங்கிப்போய் மறுபக்கம் படமாக வெளியே வரும்.

அந்த இயந்திரத்தைப் பகலெல்லாம் கீழ் வகுப்புகள் வைத்துக்கொள்ளும். நான்காம் ஆண்டுக்காரர்களுக்கு ஐந்து மணிக்கு மேல்தான். ஐந்து முதல் ஒன்பது வரை திறந்திருக்கும் என்று பலகையில் எழுதியும் இருக்கும். ஆனால் பெண்கள் விடுதியின் இரும்புக் கதவு ஆறரைக்குப் பூட்டப்படும். ஆக, ஒன்பது மணி வரை என்பது பையன்களுக்கு. மையைக் குழைத்து, மை தடவும் கையுருளையில் ஏற்றி, முதல் தாளை எடுத்துப் பார்த்து, மை கூடிவிட்டது என்று முகம் சுளித்து, இரண்டாவதற்குக் கை நீட்டும்போது வாட்ச்மேன் வெள்ளத்துரை அண்ணன் விசில் ஊதுவார் பாருங்கள், அது எங்களுக்கு.

மூன்று வருடம் முன்பு எங்கள் சீனியர் அக்காக்கள் இதைப் பற்றி மனுக் கொடுத்தார்கள். மனு மேலே போய், இன்னும் மேலே போய், யாரோ விசாரிக்க வந்து, பெண்களுக்கு மட்டும் தனி விதி வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கல்லூரி உடனே கீழ்ப்படிந்தது. ஆணைப் புத்தகத்தில் ‘மாணவியர் விடுதி’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘மேற்கு விடுதி’ என்று எழுதியது. அவ்வளவுதான். நான் போய் வாதாடியபோது முதல்வர் கோமதிநாயகம் சர்க்கரை இல்லாத டீயை ஊதிக்கொண்டே, “இது இப்போ பொம்பளப் பிள்ளைகளுக்கான விதி இல்லம்மா, மேற்குக்கான விதி” என்றார். ஒரு திசைக்கு ஆறரை மணிக்கு மேல் அப்படி என்ன ஆபத்து என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்தார்.

இந்த நிலையில்தான் நான் இறுதித் தேர்வுக்கு ஒரு புத்தகம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். விசிறி போல மடிந்து விரியும் புத்தகம், பன்னிரண்டு பக்கம், எட்டுப் பிரதி, மொத்தம் தொண்ணூற்றாறு தாள். வரைவது, செதுக்குவது, அச்சிடுவது, ஒட்டி அட்டை கட்டுவது எல்லாம் நானே. வெளித் தேர்வாளர் மார்ச் இருபத்தொன்று வெள்ளிக்கிழமை வருகிறார். அன்றைக்கு எட்டும் மேசையில் இருக்க வேண்டும், ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. என்னைச் சேர்க்க வந்த அன்றே அப்பா கல்லூரி வாசலில் நின்று “நாலு வருசம்னுதான் பேச்சு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவர். மார்ச் பிறந்தபோது என்னிடம் இருந்தது இருபத்துநான்கு தாள்.

செதுக்கி அச்சிடுகிறவர்களுக்கு முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான். அச்சில் எல்லாம் இடம் வலமாக விழும். ஆகவே வரைந்த தாளைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தகட்டில் ஏற்ற வேண்டும். இதை மறக்கிறவர்களை எங்கள் ஆசீர் சார் “ஒண்ணாங்கிளாஸ்” என்று கூப்பிடுவார், ஒரு மாதத்துக்குப் பெயர் அதுதான். நான்காம் ஆண்டில் நான் மறந்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்துக்காக வளாகத்தை வரைந்து, உளிக்கு மெத்தென்று இடம் கொடுக்கும் லினோ தகட்டின்மேல் வைத்து, கவிழ்க்கப் போன கை அந்தரத்தில் இருக்கும்போது விசில் கேட்டது; விசில் கேட்டதும் அப்படியே தேய்த்து ஏற்றிவிட்டு ஓடினேன். மறுநாளிலிருந்து தினம் கிடைத்த அரைமணி, முக்கால்மணியில் துண்டு துண்டாகச் செதுக்கினேன். படத்தில் எழுத்து ஏதாவது இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், இல்லை. நடுவில் ஒருமுறை விசிலுக்குத் திடுக்கிட்டு உளி வழுக்கி, முதல்வர் அறைக்குப் போகும் மூன்றாவது படி பெயர்ந்து வந்துவிட்டது. அச்சில் அந்த இடம் வெள்ளையாக விழும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ஆறு பத்துக்குச் சக்கரத்தைச் சுற்றி முதல் தாளை உரித்து எடுத்தேன். வளாகம், ஊஞ்சல் ஒருமுறை ஆடி நின்றது போல, ஆடி நின்றது. வெளியே வந்து பார்த்தால் பெண்கள் விடுதி கிழக்கே இருந்தது, உள்ளே ஐந்தரைக்கே திரும்பிவிட்ட பெண்களோடும் மாடியில் காய்ந்த துணிகளோடும். பையன்கள் விடுதி மேற்கே இருந்தது. டீக்கடை அதன் சுவரைப் பிடித்துக்கொண்டே கூடப் போயிருந்தது. வலது கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி இடது கையால் ஆற்றிக்கொண்டிருந்தார்; அரைச் சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கடை முன்னால் படுத்திருந்த நாய்க்கு இடக் காது கிழிந்திருக்கும். அது இப்போது வலக் காதைச் சொறியத் தெரியாமல் இடக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

என் அறைத்தோழி ஜெனிட்டா ஜன்னலில் தலையை நீட்டி, “ஏட்டி, கவுக்க மறந்துட்டியா?” என்றாள். அவளும் அச்சுக்காரி, அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆசீர் சார் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, கிழக்கையும் மேற்கையும் ஒருமுறை பார்த்து, “ஒண்ணாங்கிளாஸ்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் மீதி ஏழு தாளையும் எடுத்தேன். வளாகம் ஏற்கெனவே படத்தைப் போல இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறரைக்கு வெள்ளத்துரை அண்ணன் வந்தார். இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர், எழுதியிருப்பதைச் செய்வார், எழுதாததைச் செய்ய மாட்டார். ஆணைப் புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து வாசித்து, சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, நேராக மேற்கே நடந்து, பையன்கள் விடுதிக் கதவைச் சாத்திப் பூட்டினார். உள்ளே நூற்றுப்பத்துப் பேர் பல் விளக்காத வாயோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு முதல்முதலாக எட்டு மணிக்குப் பிரஸ் ரூமில் விளக்கு எரிவதைப் பார்த்தேன். அந்தக் குழல்விளக்குகளில் ஒன்று பாட்டுப் பாடுவது போல ரீங்கரிக்கும் என்று நான்கு வருடமாக எனக்குத் தெரியாது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையைப் போல இரண்டு நாளில் கரைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் கதவு இருந்த இடத்தில் சுவரை முட்டினார்கள், இரண்டாம் நாள் முட்டுமுன் நின்றார்கள், மூன்றாம் நாள் எப்போதும் இப்படித்தானே இருந்தது என்று ஒரு சாரார் பேசத் தொடங்கினார்கள். முதல்வர் அறைக்கு மூன்றாவது படி இல்லாமல் போயிருந்தது. பேரேடு தூக்கும் பியூன் முதற்கொண்டு எல்லோரும் அந்த இடத்தில் கால்களை அகட்டிப் போட்டு ஏறப் பழகினார்கள், முதல்வர் மட்டும் தினமும் ஒருமுறை தடுமாறி, தினமும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அண்ணாச்சியின் இடதுகை டீ நுரை கூடியிருக்கிறது என்று பேச்சாகி, பக்கத்துத் தெருவிலிருந்து தூக்குவாளியோடு ஆட்கள் வந்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி பிள்ளையார். துதிக்கையை இடப்பக்கம் சுருட்டியிருந்தவர் இப்போது வலப்பக்கம் சுருட்டியிருந்தார். வலம்புரிப் பிள்ளையார் லேசில் கிடைக்கிறவரா? வியாழக்கிழமை காலையில் மூன்று பேர் அருகம்புல்லோடு வந்தார்கள், வெள்ளிக்கிழமை முப்பது பேர் கொழுக்கட்டையோடு வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை செருப்பு விடுவதற்கு டோக்கன் கொடுத்தார்கள். இதுவரை எங்கள் கல்லூரியைத் துணியில்லாத பொம்மை போடுகிற இடம் என்று மூக்கைச் சுளித்துக் கடந்துபோன மாமிகள், தட்டில் மிச்சமான கொழுக்கட்டையை எங்களுக்குக் கொடுத்து, நீதானம்மா அந்தப் பிள்ளை, நல்லா இரு என்று வாழ்த்தினார்கள்.

பையன்கள் மட்டும் கரைத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு நான் மேற்கு விடுதிப் பக்கமாகத்தான் டீக்கு நடந்தேன். கதவின் கம்பிக்குப் பின்னால் என் வகுப்புச் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தான்.

“இது நல்லாவா இருக்கு இசக்கி? பிரஸ் ரூம்ல எனக்கு வேலை கெடக்கு.”

“எனக்கும் நாலு வருசமா கெடந்துச்சு.”

“அது உங்க பாதுகாப்புக்கு.”

“இதுவும் உங்க பாதுகாப்புக்குத்தாம்ல. வெளிய நாங்க நடமாடுதோம்லா.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்க அம்மை போன்ல கேட்டுட்டு அழுதா என்றான். எங்க அம்மை நாலு வருசமா இதைக் கேட்டுட்டு நிம்மதியா உறங்குதா என்றேன். சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன், அவன் பார்க்கும்படியாக, மெதுவாக. பொய் சொல்ல மாட்டேன், அந்த டீ போல ஒரு டீ நான் குடித்ததில்லை.

சனிக்கிழமை ஜெனிட்டா அதைக் கெடுத்தாள். பையன்கள் தங்கள் தகடுகளைக் கம்பி வழியாக நீட்டுவதும் அவள் வாங்கிவந்து அச்சிட்டுக் கொடுப்பதுமாக இருந்தாள். நான் அதைப் பார்த்து, நமக்கு யாராவது இப்படிச் செய்தார்களா என்று சண்டைக்குப் போனேன். அவள் கையுருளையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “பூட்டு ஆளு மாறினதுல உனக்குச் சந்தோசம்னா, அப்பம் நீ பூட்டுக்குத்தான்ட்டி கட்சி.” நான் என் தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அக்காக்கள் கொடுத்த மனு போய்வர மூன்று வருடம் ஆனது, பையன்கள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுத்த மனுவுக்குப் பதினொன்றரைக்கு அவசரக் கூட்டம் நடந்தது, முறுக்கோடு.

கூட்டத்தில் வழி சுலபம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ‘மேற்கு விடுதி’ என்பதை அடித்துவிட்டு ‘கிழக்கு விடுதி’ என்று எழுதினால் தீர்ந்தது. முதல்வர் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். அப்போது தலைமை எழுத்தர் மெல்ல, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். பெண்கள் அங்கே போய்விட்டதால் என்று எழுதினால் விதி திசைக்கானது இல்லை, பெண்களுக்கானது என்று தன் கையால் ஒப்புக்கொண்டதாகும். காரணம் இல்லாமல் எழுதினால் திடீரென்று கிழக்குக்கு என்ன ஆபத்து வந்தது என்று மேலிடம் கேட்கும். விதியையே எடுத்துவிட்டால் என்ன என்று ஆசீர் சார் ஒரு வார்த்தை சொன்னாராம். அது முறுக்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். முதல்வர் பேனாவை மூடினார். தான் போட்ட முடிச்சில் தானே மாட்டிக்கொண்டவரை நான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. நான் கூட்டத்தில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருந்தேன்.

ஆகவே விதியை நகர்த்த முடியாது, கட்டடத்தைத்தான் நகர்த்த வேண்டும் என்று முடிவானது. முதலில் ஆசீர் சாரையே செதுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் லீவு போட்டு, பழைய வளாகத்தை ஓர் அரசிலை விடாமல் செதுக்கி, செவ்வாய்க்கிழமை அச்சிட்டார். படம் அருமையாக வந்தது, வளாகம் அசையவில்லை. அதற்காக அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் தேர்வு விண்ணப்பம் இருந்தது, கையெழுத்துப் போடும் இடம் காலியாக.

“சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் இருந்த இடத்துல வச்சிரு. நானும் இதை இருக்கிற இடத்துல கையெழுத்துப் போட்டிருதேன்” என்றார் முதல்வர்.

கணக்கு எனக்கு நின்ற இடத்திலேயே தெரிந்தது. ஒன்பது மணி வரை திறந்திருந்த இந்த நாட்களில் மளமளவென்று அச்சிட்டு, அறுபதைத் தாண்டிவிட்டேன். சனிக்கிழமை வரை இதே ஓட்டத்தில் ஓடினாலும் இருபத்துநான்கு தாள் பாக்கி நிற்கும். செதுக்க மறுத்தால் கையெழுத்து இல்லை, தேர்வு இல்லை. செதுக்கினால் ஆறரைப் பூட்டு திரும்பி வரும். இருபத்துநான்கு தாளை அரைமணி அரைமணியாக எடுக்க முடியாது, புத்தகம் இல்லை, தேர்வு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சுவர். சரி சார், செதுக்குகிறேன், அதையே என் புத்தகத்தின் கடைசிப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். வைத்துக்கோ, வைத்துக்கோ என்றார், பெரிய மனதோடு.

நான் தகடு வாங்கிய செய்தி டீக்கடை வழியாக அரைமணியில் ஊரைச் சுற்றியது. மறுநாளிலிருந்து பிரஸ் ரூம் வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மாமிகள் ஏழு பேர் ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்தார்கள்: எது எப்படித் திரும்பினாலும் பிள்ளையாரின் துதிக்கை திரும்பக் கூடாது. பியூன் மூன்றாவது படியைக் கேட்டார், முடிந்தால் எல்லாப் படியையும் கொஞ்சம் தாழ்வாக. சுடலைமுத்து கம்பிக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் சேர்த்தால் புண்ணியமாகப் போகும் என்றான். தளவாய் அண்ணாச்சி எல்லோரும் போகும்வரை நின்று, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, வலது கை போதும் தாயி, ஆனா இந்தத் தொப்பையைக் கொஞ்சம் செதுக்கி எடுத்திரு என்று காதோடு கேட்டார்.

எல்லா மனுவையும் தாளில் எழுதி முதல்வரிடம் கொண்டுபோனேன், ஏனென்றால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று அவர்தான் உத்தரவு போட்டிருந்தார். துதிக்கை, அனுமதி. படி, அனுமதி, அவசரம் என்று ஓரத்தில் எழுதினார். குழாய், அனுமதி. தொப்பை, சிரித்துவிட்டு அனுமதி. கடைசியாக என் மனு: மேற்கு விடுதிக்கும் ஒன்பது மணி.

“விதி மேற்குக்கானதும்மா,” என்றார். “அதை நீ படத்துல செதுக்க முடியாது.”

அவர் சொன்னது சரிதான். விதியை எந்த உளியாலும் செதுக்க முடியாது. ஏழு படியையும் ஏறி இறங்கிப் பழகிய காலால் ஆறு படியில் இறங்கும்போது, இல்லாத மூன்றாவது படியின் மேல் என் கால் அந்தரத்தில் நின்றது. என் உளி வழுக்கி எடுத்த படி அது. பிறகு ஜெனிட்டாவைத் தேடி ஓடினேன்.

இந்த முறை தாளை முறையாகக் கவிழ்த்தேன். இரண்டு நாள், இரவு ஒன்பது வரை, அவசரமில்லாமல் செதுக்கினேன். எங்கள் வேலையில் ஒரு வினோதம் உண்டு. உளி தொடாத இடம்தான் மை வாங்கிக் கறுப்பாக வரும். உளி தோண்டி எடுத்த இடம் வெறும் தாளாக, வெள்ளையாக நின்றுவிடும். எதை எடுக்கிறோமோ அது இல்லாமல் போகும். மேற்கே பெண்கள் விடுதியைச் செங்கல் செங்கலாக விட்டுவைத்தேன், ஜன்னல் கம்பிகளை விட்டேன், இரண்டு வாசல் தூண்களையும் விட்டேன். தூண்களுக்கு நடுவே இருந்த இரும்புக் கதவை, கீலோடும் தாழ்ப்பாளோடும், அகல உளி வைத்து மழமழவென்று தோண்டி எடுத்தேன். ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து துருவல்களை ஊதிவிட்டாள். கிழக்கு விடுதிக் கதவையும் எடுப்போமா என்று கேட்டாள். அது எப்போதும் திறந்தே கிடப்பதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தகட்டுப் பரிசோதனை. முதல்வர் சலூனிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வரவழைத்து, தகட்டை அதன் முன்னால் பிடிக்கச் சொல்லி, கையில் பட்டியலும் சிவப்புப் பேனாவுமாக நின்றார். பெண்கள் விடுதி இடப்பக்கம், டிக். பையன்கள் விடுதி வலப்பக்கம், டிக். துதிக்கை, டிக். படிகளை இரண்டு முறை எண்ணினார். இடமும் வலமும்தான் அவர்கள் பயந்த விஷயம், இடமும் வலமும்தான் பட்டியலில் இருந்தது. பிறகு ஆசீர் சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டின்மேல் குனிந்தார். முப்பது வருடமாகத் தகடு வாசிக்கிறவர். அவருடைய மூக்கு மேற்கு விடுதிக்கு நேராக வந்து, அங்கேயே நின்றது.

“மார்ஜின் ஒரு பக்கமா இழுக்கு,” என்றார். “பரவால்ல, போடலாம்.” பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆறு மணிக்குச் சக்கரத்தைச் சுற்றினேன். ஊஞ்சல் மறுபக்கம் ஆடி நின்றது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். பெண்கள் விடுதி மேற்கே, பையன்கள் விடுதி கிழக்கே. பிள்ளையார் மரத்தோடு கூடப் போயும் துதிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை, மாமிகள் குலவையிட்டார்கள். முதல்வர் ஏழு படியும் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். டீக்கடையில் அண்ணாச்சியின் வேட்டி இடுப்பில் பிடிப்பில்லாமல் நழுவியது. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பழைய வலது கையால் டீ ஆற்றி, என்னைப் பார்த்து ரொம்ப எடுத்துட்டியே தாயி என்பது போலத் தலையை ஆட்டினார். கிழக்கே பையன்கள் ஓவென்று கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள், நூற்றுப்பத்துப் பேரும். கையோடு முதல்வர் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல் தவறாதவர், அதை நான் மறுக்கவில்லை.

ஆறரைக்கு வெள்ளத்துரை அண்ணன் பூட்டும் சாவியுமாக மேற்கே நடந்தார். இரண்டு தூண்களுக்கு நடுவே கதவு இருந்த இடத்தில் தாளின் வெள்ளை இருந்தது. அவர் கையை நீட்டினார், கை போனது. உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்து பார்த்தார். பதிவேட்டை எடுத்து முழங்காலில் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினார்: ‘மேற்கு விடுதி. கதவு இல்லாததால் பூட்டப்படவில்லை.’ நேரம் போட்டுக் கையெழுத்திட்டார்.

முதல்வர் ஓடிவந்து, அப்படியானால் இங்கேயே நின்று வெளியே போகிறவர்களை நிறுத்தும் என்றார். அண்ணன் ஆணைப் புத்தகத்தைப் புரட்டி, “பூட்டச் சொல்லித்தான் சார் எழுதிருக்கு. நிறுத்தச் சொல்லி எழுதலயே” என்றார். எழுதித் தருவதானால் காரணம் எழுத வேண்டும். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தகட்டின் பின்பக்கத்தை, கையெழுத்து இருந்த பக்கத்தை, அவரிடம் காட்டினேன். ஆசீர் சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை வெல்டிங்காரர் புதுக் கதவோடு வந்தார். தூணில் கீல் வைத்து நெருப்புப் பொறி பறக்க ஒட்டினார். கையை எடுத்ததும் கதவு தன் பாட்டுக்குச் சாய்ந்து படுத்துக்கொண்டது. மூன்று முறை முயன்று, முகமூடியைக் கழற்றி, மாட்டுகதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல சார் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பிறகு கயிறு கட்டினார்கள், நிற்கவில்லை. பெஞ்சு போட்டார்கள், அதில் பெண்கள் உட்கார்ந்து கதை பேசினார்கள். புதன்கிழமைக்குள் ஊர் இதையும் கரைத்துவிட்டது. மேற்கு விடுதிக்கு எப்போது கதவு இருந்தது என்று அண்ணாச்சியின் கடையில் ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

எனக்கு ஊர்க்கதை பேச நேரமில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் ஒன்பது வரை ரீங்கரிக்கும் குழல்விளக்கின் கீழே சக்கரத்தைச் சுற்றினேன். ஜெனிட்டா தாளைப் பிடித்தாள். சுடலைமுத்து, கேட்காமலே வந்து, கையுருளையைக் கழுவிக் கொடுத்தான். வியாழக்கிழமை மாலை தொண்ணூற்றாறாவது தாள் கொடியில் தொங்கியது, அன்றைக்கே மடித்து ஒட்டி அட்டை கட்டினேன்.

வெள்ளிக்கிழமை வெளித் தேர்வாளர் வந்தார், காதில் பெரிய வெள்ளி வளையம் போட்ட, யாரையும் பார்த்துச் சிரிக்காத மேடம். எட்டுப் புத்தகத்தையும் மேசை நீளத்துக்கு விரித்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்து, கையால் தடவி, விரலில் மை ஒட்டுகிறதா என்று சோதித்து, தேர்ச்சி என்று எழுதினார். எழுதிவிட்டு மூன்று மதிப்பெண்ணைக் குறைத்தார். கடைசிப் பக்கத்தில் இடப்பக்கக் கட்டடத்தின் வாசலில் வெள்ளை அதிகமாம், படத்தின் சமநிலை போய்விடுகிறதாம்.

நான் மேல்முறையீடு செய்திருக்கிறேன். அந்த வெள்ளை வழியாகத் தினமும் எழுபத்திரண்டு பெண்கள் போய்வருகிறார்கள். அதிகம் என்று அவர்களில் ஒருத்திகூடச் சொல்லவில்லை.